நிற்க வேண்டிய இடத்தில் நிற்க: மிதிவண்டி பிரேக்குகள் ஓர் ஒப்பீடு

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களுள் 44.8 விழுக்காட்டினரிடம் மிதிவண்டி இருந்தது. மகிழுந்து வைத்திருந்த குடும்பங்கள் 4.7 விழுக்காடு மட்டுமே. பீகாரில் 2006 முதல் பள்ளி மாணவியருக்கு மிதிவண்டி வழங்கும் திட்டம் நடைபெறுகிறது. மேற்கு வங்கம் 2015இல் அத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. தமிழகத்தில் இவ்விரண்டுக்கும் முன்பே அது வந்துவிட்டது. பால், செய்தித்தாள், எரிவாயு உருளை, காய்கறிக் கூடை என்று நம் வாடிக்கையாளர்கள் பலரின் அன்றாட வருவாயைச் சுமந்து செல்வதும் மிதிவண்டிதான்.

இத்துணைப் பரவலான வாகனத்தை வாங்கும்போது நாம் கேட்கும் கேள்விகள் எவை? நிறம், விலை, கியர் உண்டா, பின்னால் கேரியர் உண்டா என்று கேட்கிறோம். பிரேக் எவ்வகையினது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தாலும் "டிஸ்க் பிரேக்கா?" என்பதோடு முடிந்துவிடுகிறது. இந்தியச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சில ஆயிரம் பேர் மிதிவண்டியில் சென்றவர்கள். எல்லா விபத்துகளையும் பிரேக் தடுத்துவிடாது. ஆயினும் ஓட்டுபவரின் கையில் இருக்கும் ஒரே தற்காப்புக் கருவி அதுவே. அதன் வகைகளையும் அவற்றின் வலிமை, வலுவின்மைகளையும் அறிந்து வைத்திருப்பது பயனுடையது.

வேகத்தை வெப்பமாக்கும் கருவி

ஓடும் மிதிவண்டியிடம் அதன் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ற ஆற்றல் சேர்ந்திருக்கிறது. பிரேக் அந்த ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றுகிறது. எடை இரு மடங்கானால் ஆற்றலும் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். நாம் அடிக்கடி மறந்துவிடும் கணக்கு இந்த இரண்டாவது கணக்குதான்.

மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். 30 கி.மீ. வேகத்தில் அந்த உயரம் மூன்றரை மீட்டராகிறது. அதாவது, முதல் மாடியிலிருந்து விழுவதைப் போன்றது. சமதளச் சாலையில் ஓர் இளைஞர் எளிதில் எட்டக்கூடிய வேகங்களே இவை.

நிறுத்தும் திறனுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. பிரேக் சக்கரத்தை எவ்வளவு வலுவாகப் பற்ற முடியும் என்பது முதல் எல்லை. டயர் சாலையை எவ்வளவு வலுவாகப் பற்ற முடியும் என்பது இரண்டாவது எல்லை. இவ்விரண்டில் எது குறைவோ அதுவே வண்டியின் உண்மையான நிறுத்தும் திறன். எவ்வளவு விலையுயர்ந்த பிரேக்கைப் பொருத்தினாலும், தேய்ந்து வழவழப்பான டயரையும் சாலையில் சிதறிக் கிடக்கும் மணலையும் அதனால் வெல்ல இயலாது. எனவே பிரேக்குகளை ஒப்பிடும் முன், எந்தச் சூழலில் எந்த எல்லை நம்மைக் கட்டுப்படுத்துகிறது என்று பார்ப்பதே முறை.

முன் பிரேக்கைப் பற்றிய அச்சம்

நம் நாட்டில் மிதிவண்டி கற்கும் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை, "முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுந்துவிடுவாய்" என்பது. அதனால் முன் பிரேக்கைத் தளர்த்தி வைப்பவர்களும், கழற்றியே விடுபவர்களும் உண்டு. இந்த அறிவுரையில் ஓரளவு உண்மை உள்ளது. ஆனால் அதைப் பின்பற்றுவதால் இழப்பது மிகுதி.

வண்டி வேகம் குறையும்போது, ஓட்டுபவரின் உடல் எடை முன்னோக்கித் தள்ளப்படுகிறது. முன் சக்கரத்தின் மீது சுமை கூடுகிறது. பின் சக்கரத்தின் மீது சுமை குறைகிறது. சுமை குறைந்த டயரால் சாலையை இறுகப் பற்ற முடியாது. எனவே பின் பிரேக்கை மட்டும் எவ்வளவு அழுத்தினாலும், ஒரு கட்டத்துக்கு மேல் பின் சக்கரம் சுழலாமல் வழுக்கத் தொடங்கும். வேகம் அதற்கு மேல் விரைவாகக் குறையாது.

உலர்ந்த தார்ச்சாலையில், நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் சாதாரண மிதிவண்டி 20 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். பின் பிரேக்கை மட்டும் பயன்படுத்தினால் அது நிற்க ஏறத்தாழ 6 மீட்டர் தேவைப்படும். இரண்டையும் முறையாகப் பயன்படுத்தினால் சுமார் 3 மீட்டரில் நின்றுவிடும். 30 கி.மீ. வேகத்தில் இவ்விரு தொலைவுகளும் முறையே 14 மீட்டர், 7 மீட்டர் என ஆகின்றன. ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குச் செல்ல ஒரு வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு வினாடியில் கடக்கும் 5.6 மீட்டரையும் 8.3 மீட்டரையும் இவற்றோடு தனியே கூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த வேறுபாட்டை அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு விதிகளிலும் காணலாம். கைப்பிரேக்குகள் கொண்ட, வேகமாகச் செல்லக்கூடிய மிதிவண்டி மணிக்கு 24 கி.மீ. வேகத்திலிருந்து 4.57 மீட்டருக்குள், அதாவது 15 அடிக்குள் நிற்க வேண்டும் என்று அவ்விதி கூறுகிறது. பின் சக்கரத்தில் மட்டும் இயங்கும் கால்பிரேக் கொண்ட வண்டிக்கும் அதே 15 அடிதான் வரம்பு. ஆனால் சோதனை வேகம் 16 கி.மீ. மட்டுமே. பின் சக்கரத்தை மட்டும் நம்பிய வண்டி 24 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 9 மீட்டர் ஆகும். சட்டமே இரண்டுக்கும் இரு வேறு அளவுகோல்களை வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

குப்புற விழுவது எப்போது நிகழ்கிறது? முன் பிரேக்கை திடீரென்று முழு வலுவோடு அழுத்தி, உடலை முன்னே சாயவிடும்போது நிகழ்கிறது. கைகளை உறுதியாக ஊன்றி, இடுப்பைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தி, அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டினால் அந்த ஆபத்து பெரிதும் குறையும். பின் சக்கரம் வழுக்கத் தொடங்குவதே எச்சரிக்கை மணி. அப்போது முன் பிரேக்கைச் சற்றுத் தளர்த்த வேண்டும். மணல், சரளை, ஈரமான இருப்புப்பாதை, இரும்பு மூடிகள் ஆகியவற்றின் மீது மட்டும் முன் பிரேக்கைத் தவிர்த்து, பின் பிரேக்கை மென்மையாகப் பயன்படுத்துவது நல்லது. வளைவுகளில், திரும்பும் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கம்பி பிரேக்

பல தலைமுறைகளாக நம் நாட்டில் ஓடிவரும் கனமான கறுப்பு மிதிவண்டியில் இருப்பது இதுவே. கைப்பிடியின் கீழுள்ள நெம்புகோலை அழுத்தினால், எஃகுக் கம்பிகள் ஒன்றையொன்று இழுத்து, லாட வடிவிலான சட்டத்தை மேலே தூக்குகின்றன. அதன் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை, அதாவது ஆரக்கம்பிகள் உள்ள பக்கத்தை அழுத்துகின்றன.

இதன் பெருமை எளிமை. அறுந்துபோக ஒயர் இல்லை. சக்கரம் சற்றே வளைந்திருந்தாலும் வேலை செய்யும். எந்தச் சிற்றூரிலும் பழுதுபார்க்க ஆள் கிடைப்பார். கட்டையின் விலையும் மிகக் குறைவு.

குறைகளும் கணிசமானவை. கம்பி இணைப்புகள் நாளடைவில் ஆட்டம் காண்கின்றன. கையின் அழுத்தத்தில் ஒரு பகுதி அந்த ஆட்டத்திலேயே வீணாகிறது. செயினை இறுக்குவதற்காகப் பின் சக்கரத்தை நகர்த்தினால், பிரேக்கையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. எல்லாவற்றிலும் பெரிய குறை, மழை. முலாம் பூசிய எஃகு ரிம் நனைந்தால், ரப்பர் கட்டை அதன் மீது வழுக்குகிறது. பிரேக்கை அழுத்திய பிறகும் சக்கரம் சில சுற்றுகள் சுற்றி, நீர் வழித்தெடுக்கப்பட்ட பின்னரே பிடிப்பு ஏற்படுகிறது. இக்குறையைக் களைய, எஃகு ரிம்முக்கென்றே தோல் முகப்புக் கொண்ட கட்டைகளை ஐரோப்பாவில் விற்றதுண்டு.

பீகாரின் ஒரு சிற்றூர்க் கிளையில் நான் பணியாற்றிய ஆண்டுகளில், கிளைக்கு எதிரே மிதிவண்டிகளைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். மழைக்கு முன் கட்டை மாற்ற வருபவர்கள் குறைவு, மழை தொடங்கிய பின் வளைந்த சக்கரத்தோடு வருபவர்கள் அதிகம் என்பார். கட்டையின் விலையையும் சக்கரத்தின் விலையையும் ஒப்பிட்டால், இதை விளக்க வேறு கணக்கு வேண்டாம்.

கேலிப்பர் பிரேக்கும் வி-பிரேக்கும்

ஒயர் மூலம் இயங்கும் பிரேக்குகள் அடுத்த வகை. உறைக்குள் ஓடும் முறுக்குக் கம்பியைக் கொண்டு இழுக்கும் இந்த முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. கட்டைகள் ரிம்மின் இரு பக்கவாட்டுகளையும் இடுக்கிபோல் பிடிக்கின்றன. இலகுவான மிதிவண்டிகளில் சக்கரத்துக்கு மேலே நடுவில் பொருத்தப்படும் கேலிப்பர் வகையை நாம் நன்கு அறிவோம்.

1990களின் நடுவில் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் வி-பிரேக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதில் சக்கரத்தின் இருபுறமும் நீண்ட இரு கரங்கள் தனித்தனியே பொருத்தப்பட்டிருக்கும். கரம் நீளமாக இருப்பதால் நெம்புகோல் விசை மிகுதி. ஆகவே, சிறிய அழுத்தத்திலேயே வலுவான பிடிப்பு கிடைக்கிறது. அகலமான டயர்களுக்கும் இடம் இருக்கிறது. உலர்ந்த சாலையில், அலுமினிய ரிம்மின் மீது, நன்கு சரிசெய்யப்பட்ட வி-பிரேக் டயரின் பிடிப்பு எல்லையைத் தொடும் அளவுக்கு வலுவுள்ளது. நகரச் சாலையில் ஒருவருக்கு இதைவிட மிகுந்த விசை தேவைப்படுவது அரிது.

இங்கே ரிம்மின் உலோகம் முக்கியமானது. நனைந்த எஃகைவிட நனைந்த அலுமினியத்தின் மீது ரப்பர் பன்மடங்கு நன்றாகப் பற்றுகிறது. ஒரே பிரேக், ஒரே கட்டை. ரிம் மட்டும் வேறு என்றாலும் மழையில் நிற்கும் தொலைவு வெகுவாக மாறிவிடும். வண்டி வாங்கும்போது ரிம் எஃகா, அலுமினியமா என்று கேட்பது, கியர் எத்தனை என்று கேட்பதைவிடப் பயனுள்ள கேள்வி. கடைக்காரர் சொல்வதைச் சரிபார்க்க ஒரு சிறு காந்தம் போதும். எஃகில் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது.

இவ்வகையின் குறைகள் மூன்று. ஒயர் துருப்பிடித்தால் இழுப்புக் கடினமாகும். இழைகள் பிரிந்தால் ஒருநாள் அறுந்துவிடும். சக்கரம் வளைந்தால் கட்டை ஒரு பக்கம் உரசும். ரிம்மே பிரேக்கின் ஒரு பகுதி என்பதால் கட்டையோடு ரிம்மும் தேய்கிறது. மெலிந்துபோன ரிம் காற்றழுத்தத்தால் பிளக்கவும் கூடும். தரமான அலுமினிய ரிம்களில் தேய்மானத்தைக் காட்டும் மெல்லிய பள்ளம் ஒன்று இருக்கும். அந்தப் பள்ளம் மறைந்துவிட்டால் ரிம்மை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

மேலும் ஒரு செய்தி. கேலிப்பருக்கான கை நெம்புகோலும் வி-பிரேக்குக்கான கை நெம்புகோலும் ஒயரை இழுக்கும் அளவில் வேறுபட்டவை. பழுதுபார்க்கும்போது ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருத்தினால், கட்டை ரிம்மை முழுமையாக எட்டாமலோ, போதிய விசை இல்லாமலோ போகலாம். மாற்றும்போது பிரேக்குக்கு ஏற்ற நெம்புகோல்தானா என்று கேட்டறிவது நலம்.

குடத்துக்குள் இயங்கும் பிரேக்குகள்

சக்கரத்தின் நடுவேயுள்ள குடத்துக்குள் மறைந்திருந்து இயங்குபவை டிரம் பிரேக்கும் காஸ்டர் பிரேக்கும். டிரம் பிரேக்கில், மோட்டார் சைக்கிள்களில் உள்ளதைப் போலவே, இரு பட்டைகள் உள்ளிருந்து விரிந்து உருளையை அழுத்துகின்றன. மழை, சேறு, தூசி எதுவும் உள்ளே புகுவதில்லை. ஆதலால் உலர்ந்த நாளிலும் மழை நாளிலும் பிடிப்பு ஏறத்தாழ ஒன்றே. ரிம் தேய்வதில்லை, சக்கரம் வளைந்தாலும் பாதிப்பில்லை. ஆண்டுக்கணக்கில் கவனிப்பின்றி இயங்கக்கூடியது. எடை கூடுதல் என்பதும், பின் சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டுவது சற்றுச் சிரமம் என்பதும் இதன் குறைகள்.

காஸ்டர் பிரேக் நெதர்லாந்து போன்ற நாடுகளில் பெருவழக்கு. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் சக்கரம் நிற்கும். கை வலுவற்ற சிறு பிள்ளைகளுக்கு இது எளிது. ஆனால் செயின் கழன்றால் பிரேக்கும் அப்போதே இல்லாமல் போகும். பின் சக்கரத்தில் மட்டும் இயங்குவதால், முன்னர் கூறிய எல்லையும் இதற்குப் பொருந்தும். எனவே முன் சக்கரத்தில் ஒரு கைப்பிரேக்கும் உடன் இருப்பதே பாதுகாப்பு.

குடத்துக்குள் அடைபட்ட பிரேக்குகளுக்கு வெப்பம் பகை. முசூரியிலிருந்து டேராடூனுக்கு இறங்கும் சாலையைப் போன்று ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட இறக்கங்களில், தொடர்ந்து பிரேக் பிடித்தால் வெப்பம் வெளியேற வழியின்றிப் பிடிப்பு குறையும். ரிம் பிரேக்கிலும் நீண்ட இறக்கத்தில் ரிம் சூடேறி டியூபைப் பாதிக்கக்கூடும். மலைச்சாலையில் பிரேக்கை இடைவிடாது அழுத்தியபடி இறங்காமல், சற்று வலுவாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மீண்டும் பிடிப்பதும், இடையிடையே நின்று ஆறவிடுவதும் எல்லா வகைகளுக்கும் ஏற்ற முறை.

டிஸ்க் பிரேக்

குடத்தோடு இணைந்த எஃகுத் தகட்டை இருபுறமும் பட்டைகள் அழுத்துவது டிஸ்க் பிரேக். தகடு தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் சாலை நீரும் சேறும் எளிதில் படிவதில்லை. படிந்த நீரும் தகட்டின் துளைகள் வழியாகவும் பட்டையின் அழுத்தத்தாலும் விரைவில் அகன்றுவிடுகிறது. ஆதலால் மழையில் பிடிப்பு தாமதமின்றிக் கிடைக்கிறது. ரிம் தேய்வதில்லை. சக்கரம் சற்று வளைந்தாலும் பிரேக் உரசாது.

இதில் இரு பிரிவுகள் உள்ளன. ஒயரால் இயங்குவது ஒன்று. எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குவது மற்றொன்று. அடைபட்ட திரவத்தில் கொடுக்கப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று பள்ளியில் படித்த பாஸ்கல் விதியே இரண்டாவதன் அடிப்படை. ஒரு விரலின் அழுத்தத்தில் நுட்பமான கட்டுப்பாட்டைத் தருவது இதன் சிறப்பு. பட்டைகள் தேயத் தேய அது தானே ஈடுசெய்துகொள்ளும். ஒயர் வகையில் அதை நாம்தான் அவ்வப்போது திருகிச் சரிசெய்ய வேண்டும்.

பந்தய உலகமே இதை உடனடியாக ஏற்கவில்லை. சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கைச் சோதனை முறையில் அனுமதித்திருந்த சர்வதேச மிதிவண்டிச் சம்மேளனம், 2016 ஏப்ரலில் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் ஒரு வீரர் தம் கால் காயத்துக்கு டிஸ்க் தகடே காரணம் என்று கூறியதை அடுத்து அச்சோதனையை நிறுத்தி வைத்தது. தகட்டின் விளிம்புகளை மழுக்குவது போன்ற மாற்றங்களுக்குப் பின் 2017இல் சோதனை மீண்டும் தொடங்கியது. முழு அனுமதி 2018 ஜூலையில்தான் கிடைத்தது.

டிஸ்க் பிரேக்குக்கு எண்ணெய்ப் பசை ஆகாது. செயினுக்கு விடும் எண்ணெய் தெறித்துத் தகட்டில் பட்டாலும், எண்ணெய்க் கை பட்டாலும் பிடிப்பு பெரிதும் குறையும். பட்டையில் எண்ணெய் ஊறிவிட்டால் பெரும்பாலும் அதை மாற்றவே வேண்டியிருக்கும். நீண்ட இறக்கத்துக்குப் பின் தகட்டைத் தொட்டால் கை சுடும். புதிய பட்டைகள் முழுத் திறனைப் பெற, பாதுகாப்பான இடத்தில் பலமுறை வேகமெடுத்து மெல்லக் குறைத்துப் பழக்க வேண்டும். எண்ணெய் வகையில் இரு வேறு திரவங்கள் உள்ளன. ஒன்றுக்குரிய பிரேக்கில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர் பகுதிகள் கெட்டுவிடும். இவற்றையெல்லாம் அறிந்த பழுதுபார்ப்பவர் அருகில் இருக்கிறாரா என்பதையும் வாங்கும் முன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்று குறைந்த விலை மிதிவண்டிகள் சிலவும் இரட்டை டிஸ்க் என்ற விளம்பரத்தோடு வருகின்றன. மொத்த விலை குறைவாக இருக்கையில், டிஸ்க்குக்காகக் கூடிய செலவு டயர், ரிம், குடம் போன்றவற்றின் தரத்தில் கழிக்கப்பட்டிருக்கலாம். வளைந்த தகடும் இழுபடும் ஒயரும் கொண்ட மலிவான டிஸ்க்கைவிட, நல்ல கட்டைகள் பொருத்திய வி-பிரேக் நம்பகமானது. பிரேக்கின் பெயரை மட்டும் பார்த்துத் தரத்தை முடிவு செய்ய இயலாது.

யாருக்கு எது?

சுமை ஏற்றுபவர்களை முதலில் எடுத்துக்கொள்வோம். நிரம்பிய வீட்டு எரிவாயு உருளை ஒன்று ஏறத்தாழ 30 கிலோ. ஓட்டுபவரும் வண்டியுமாக 80 கிலோ இருக்கும் மிதிவண்டியில் இரு உருளைகளை ஏற்றினால் மொத்தம் 140 கிலோ. பிரேக் தரக்கூடிய விசை மாறாதபோது, நிற்கும் தொலைவு முக்கால் மடங்கு கூடிவிடுகிறது. இங்கே நம்மைக் கட்டுப்படுத்துவது டயரன்று, பிரேக்கின் வலிமையே. அதிலும் மழையில் நனைந்த எஃகு ரிம் என்றால் ஆபத்து இன்னும் பெரிது. பின்புறம் சுமை இருப்பதால் குப்புறக் கவிழும் வாய்ப்பு குறைவு. ஆகவே முன் பிரேக்கை அஞ்சாமல் பயன்படுத்தலாம். இத்தகையோர்க்குப் பராமரிப்பு குறைந்த டிரம் பிரேக்கோ, அலுமினிய ரிம்மோடு வலுவான ரிம் பிரேக்கோ ஏற்றது. இருக்கும் கம்பி பிரேக் வண்டியையே ஓட்டுவதானால், கட்டைகளைப் பருவமழைக்கு முன் மாற்றுவதும் மழையில் வேகத்தைப் பாதியாகக் குறைப்பதும் இன்றியமையாதவை.

பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு, பிரேக்கின் வகையைவிட அவர்களின் விரல் நெம்புகோலை எட்டுகிறதா என்பதே முதன்மையானது. பெரியவர்களின் கைக்கு அமைந்த நெம்புகோலைச் சிறு கையால் முழுமையாக அழுத்த முடியாது. பல நெம்புகோல்களில் இந்த இடைவெளியைக் குறைக்கச் சிறு திருகாணி ஒன்று உண்டு. கடையிலேயே பிள்ளையை அமர்த்தி அதைச் சரிசெய்து வாங்குங்கள்.

நகரச் சாலையில் அலுவலகம் செல்பவர்க்கு அலுமினிய ரிம்மும் வி-பிரேக்கும் போதுமானவை. மழை மிகுந்த கடற்கரைப் பகுதிகளிலும் மலைப்பகுதிகளிலும் அன்றாடம் ஓட்டுபவர்களுக்கு, தரமான டிஸ்க் பிரேக்குக்காகச் செலவிடும் கூடுதல் தொகை வீணாகாது.

மின்கலத்தால் இயங்கும் மிதிவண்டிகள் இன்று பெருகி வருகின்றன. 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்டவை பதிவு இன்றி ஓட்டத்தக்கவை. ஆனால் மின்கலமும் மோட்டாரும் எடையைக் கூட்டுகின்றன. களைப்பின்றி எட்டும் வேகமும் கூடுகிறது. அதனால் சாதாரண மிதிவண்டிக்குப் போதுமான பிரேக் இதற்குப் போதாமல் போகலாம். நெம்புகோலைத் தொட்டவுடன் மோட்டார் நின்றுவிடும் வசதி இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். உணவு, பொருள்கள் கொண்டு சேர்க்கும் பணிக்காக இவற்றை நாள் முழுதும் ஓட்டுபவர்களுக்குப் பட்டைகளின் தேய்மானமும் மிக விரைவானது.

மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம்

கணக்கேடுகளில் ஒவ்வொரு சொத்துக்கும் தேய்மானம் எழுதுகிறோம். பிரேக் கட்டையின் தேய்மானத்தை மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை. மாதம் ஒருமுறை, ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கீழ்க்கண்டவற்றைப் பார்த்துவிடலாம்.

நின்ற நிலையில் முன் பிரேக்கை அழுத்தி வண்டியை முன்னே தள்ளிப் பாருங்கள். முன் சக்கரம் சுழலாமல், பின் சக்கரம் சற்றே எழ வேண்டும். பின் பிரேக்கை அழுத்தித் தள்ளினால், பின் சக்கரம் சுழலாமல் இழுபட வேண்டும். நெம்புகோல் கைப்பிடியைத் தொட்டுவிட்டால் ஒயர் தளர்ந்திருக்கிறது அல்லது கட்டை தேய்ந்திருக்கிறது.

கட்டையின் முகப்பிலுள்ள வரிப்பள்ளங்கள் மறைந்திருந்தால் மாற்றுங்கள். கட்டை ரிம்மின் மீது மட்டும் படிகிறதா என்று பாருங்கள். டயரைத் தொட்டால் அதை அறுத்துவிடும்; ரிம்முக்குக் கீழே இறங்கினால் ஆரக்கம்பிகளில் சிக்கும். கட்டையில் புதைந்திருக்கும் சிறு கற்களையும் உலோகத் துகள்களையும் ஊசியால் அகற்றுங்கள். ரிம்மை உலர்ந்த துணியால் துடையுங்கள். ரிம்மிலோ தகட்டிலோ எண்ணெய் படக்கூடாது.

ஒயரின் முனைகளில் இழை பிரிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். ஓர் இழை அறுந்த ஒயர், மிகுந்த விசை தேவைப்படும் அந்த ஒரு கணத்தில்தான் முழுவதும் அறும்.

இறுதியாக, எந்தக் கை எந்தச் சக்கரத்துக்கு என்று அறிந்து வைத்திருங்கள். இந்தியாவில் பொதுவாக வலக்கை முன் பிரேக்குக்கும் இடக்கை பின் பிரேக்குக்கும் உரியவை. வெளிநாட்டிலிருந்து வந்த வண்டிகளில் இது மாறியிருக்கலாம். பிறர் வண்டியை வாங்கி ஓட்டும்போது, மெதுவான வேகத்தில் ஒருமுறை சோதித்துவிட்டுச் சாலையில் இறங்குவது நல்ல பழக்கம்.

வீட்டில் மிதிவண்டி ஓட்டும் பிள்ளை இருந்தால், ஆளில்லாத திடலில் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். தரையில் ஒரு கோடு வரைந்து, பின் பிரேக்கை மட்டும் பிடித்து ஒருமுறையும், இரண்டையும் மெல்லக் கூட்டிப் பிடித்து ஒருமுறையும் நிறுத்தச் சொல்லுங்கள். இரு இடங்களுக்கும் இடையிலுள்ள தொலைவை அப்பிள்ளையே தன் காலடியால் அளந்து பார்க்கட்டும். சாலையின் குறுக்கே ஆட்டோவோ கன்றுக்குட்டியோ வரும் நாளில், அந்த மூன்று மீட்டர் அதற்குத் துணை நிற்கும்.